விசாரணைக்குப் பின் தண்டனை

மாணவன் மீது குற்றம் வந்தால், விசாரித்த பிறகே தண்டிக்க வேண்டும் என்பது உபாத்தியாயத் தொழிலின் முதற் பாடம். மோட்டார் வண்டிக்கும் அதுவே தர்மம்.

எங்கள் வண்டி கரும்புகை கக்கிற்று. பெட்ரோலையும் யானைப் பசியோடு குடித்தது. எஞ்சினையே பிரிக்க வேண்டும் என்றார் பட்டறைக்காரர். அவர் கேட்ட தொகையோ, பெண்ணின் காலேஜ் சம்பளத்துக்கென்று வைத்திருந்தது!

எஞ்சின் நீரின் உஷ்ணத்தைத் தெரிவிக்கும் சிறு சென்ஸார் மீது எங்களுக்குச் சந்தேகம் விழுந்தது. சூடேறிய நீரைக் குளிர்ந்தது என்று அது சொன்னால், எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டர் அதை நம்பிப் பெட்ரோலை அதிகமாக விடும், கரும்புகை வரும்.

எஞ்சின் நன்றாக ஆறிய பின் நீர்மட்டத்தையும் ஒயர் இணைப்பையும் பார்த்தோம், குறையில்லை. சென்ஸாரைக் கழற்றி, நுனியை மட்டும் தண்ணீரில் அமிழ்த்தி, மீட்டர் வைத்து மின்தடையை அளந்தோம். எங்கள் வண்டிக்குரிய வகை 20 டிகிரி சென்டிகிரேடில் சுமார் 2,500 ஓம் காட்டும். 80 டிகிரியில் 300 அளவுக்கு இறங்க வேண்டும். அடுப்பில் நீர் ஆவி பறந்தும் இதுவோ 2,400ஐ விட்டு அசையவில்லை! குற்றவாளி அகப்பட்டான்.

சில நூறு ரூபாயில் புதியது வந்தது; புகை நின்றது. பெண்ணின் சம்பளமும் தப்பிற்று. நேயர்களே, எஞ்சினைப் பிரிக்கச் சம்மதிக்கும் முன் ஒருமுறை அளந்து பாருங்கள்.