கழுத்தைப் பார்க்கும் ஊர்

பிரவுன்ஸ்வில், டெக்சஸ்

அன்புள்ள முருகேசு,

டெக்சஸின் தென்கோடியில் இருக்கிறேன். பாலத்தை நடந்தே கடந்தால் அந்தப் பக்கம் மெக்சிகோவின் மாத்தமோரோஸ். இங்கே பத்தில் ஒன்பது பேருக்கு மேல் லத்தீனோக்கள், அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். கடையிலும் தெருவிலும் காதில் விழுவதெல்லாம் ஸ்பானிஷ்தான். அக்கா மகனைப் பார்க்கத்தான் வந்தேன். அவன் மருத்துவமனையில் வேலை பார்ப்பதால், சாப்பாட்டு மேசையில் ஓடும் பேச்செல்லாம் பிள்ளைகளின் சர்க்கரை பற்றியே. நீ பி.டி. மாஸ்டராயிற்றே, உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்ல?

இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் 1, 3, 5, 7ஆம் வகுப்புப் பிள்ளைகளின் பின்கழுத்தை நர்ஸ் பார்க்கிறார். தோல் கறுத்து, மடிப்பு விழுந்து, வெல்வெட் போலத் தடித்திருந்தால் எடை, உயரம், ரத்த அழுத்தம் எல்லாம் குறித்து, டாக்டரிடம் காட்டச் சொல்லி வீட்டுக்குக் கடிதம் போகிறது. 1999இல் எல்லையோர மாவட்டங்களுக்காகச் சட்டம் போட்டு ஆரம்பித்தது. நம் வீடுகளிலும் இந்தக் கறுப்பு உண்டே, பயத்தமாவு போட்டுத் தேய்ப்பார்களே, அதேதான். இங்குள்ள அம்மாக்களும் அழுக்கென்று நினைத்துத் தேய்த்துப் பார்த்தவர்கள்தான். தேய்த்தால் போகாது. உடம்பு இன்சுலினுக்கு மசியாதபோது கணையம் அதை மேலும் மேலும் சுரக்கிறது. ரத்தத்தில் மிஞ்சும் இன்சுலின் தோலின் செல்களையும் வளரத் தூண்டிவிடுகிறது. அந்தச் சமயத்தில் பிள்ளையின் சர்க்கரை அளவு சரியாகவே இருக்கலாம். நோய் வருமுன் உடம்பு அனுப்பும் தகவல் என்று வைத்துக்கொள்.

தகவல் பொய்யில்லை. 2000இல் அமெரிக்காவில் பிறந்த லத்தீனோ குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாழ்நாளில் சர்க்கரை நோய் வரும் என்று 2003இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஈரலில் கொழுப்பு சேர வைக்கும் ஒரு மரபணு வகையும் இவர்களிடம் கூடுதலாக இருப்பதை 2008இல் கண்டுபிடித்தார்கள். மரபணு என்றதும் பலர் கையை விரித்துவிடுகிறார்கள், அதுதான் எனக்கு எரிச்சல். தாத்தா பாட்டிக்கும் அதே மரபணுதானே இருந்தது? அவர்கள் பருத்திக் காட்டிலும் வெங்காய வயலிலும் குனிந்து நிமிர்ந்தவர்கள். பேரன் வாழும் தெருவில் இறங்கி நடக்கவே வழியில்லை.

மிகைப்படுத்தவில்லை. ஊருக்கு வெளியே கொலோனியா என்ற குடியிருப்புகள் இருக்கின்றன. ஐம்பதுகளிலிருந்தே மனை வியாபாரிகள் விவசாய நிலத்தைத் துண்டு போட்டு, தண்ணீர், சாக்கடை, சாலை எதுவுமின்றி ஏழைகளுக்குத் தவணையில் விற்ற இடங்கள். சில இடங்களுக்கு இப்போது தார்ச்சாலை வந்திருக்கிறது. ஆனால் நடைபாதை அபூர்வம், தெருவிளக்கு அதைவிட அபூர்வம், நாய்களுக்குக் குறைவில்லை. கோடையில் வெயில் 38 டிகிரியைத் தொடுகிறது. இருட்டிய பிறகுதான் காற்று வரும். இருட்டில் எந்தத் தாய் பிள்ளையை வெளியே விடுவாள்? குடியுரிமைக் காகிதம் இல்லாத வீடுகளில் பூங்கா வரை போய்வருவதற்கே பயம்.

பள்ளியில்? தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குத் தினம் 30 நிமிடம், அல்லது வாரத்துக்கு 135 நிமிடம் உடற்பயிற்சி கட்டாயம் என்பது டெக்சஸ் சட்டம். (உன் பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவது போல இங்கே முடியாதாம். சட்டப்படி!) ஆனால் ஒரு பிள்ளைக்குத் தேவை நாளுக்கு 60 நிமிடம். மீதி அரை மணியைத் தெருதான் தரவேண்டும். கழுத்தைப் பார்க்க நர்ஸை வைத்த அரசு, கடிதத்தோடு பிள்ளை திரும்பிப் போகும் தெருவைப் பார்க்க யாரையும் வைக்கவில்லை.

உடற்பயிற்சி என்றால் உடனே எடை மெஷினைத் தேடுகிறோமே, அது பற்றி ஒரு விஷயம். தசை சுருங்கி விரியும்போது, இன்சுலின் வந்து கதவைத் தட்டாமலே ரத்தத்துச் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. லாஸ் ஏஞ்சலிஸில் எடை கூடிய 22 லத்தீனோ பையன்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. முடிவு வந்தது 2006இல். அவர்களில் ஒரு பகுதியினருக்கு வாரம் இருமுறை, 16 வாரம், பளு தூக்கும் பயிற்சி. இன்சுலினுக்கு அவர்கள் உடம்பு இணங்கும் திறன் சராசரியாக 45 சதவீதம் கூடியது. உடம்பின் கொழுப்பும் தசையும் மாறியதைக் கணக்கில் கழித்துவிட்டுப் பார்த்தபோதும் பலன் நின்றது. குண்டுப் பையன்கள் ஓட்டத்தில் எப்போதும் கடைசி. பளு தூக்குவதில் அவர்கள்தான் முதல். இது உனக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

தெருவைப் பற்றி யோசித்தவர்களும் இந்த ஊரில் உண்டு. உழவர் சந்தை 2008இல் வந்தது. உழவர் சந்தை 2008இல் வந்தது. 2012இலிருந்து வருடத்தில் சில தடவை நகர மையத்தின் தெருக்களில் சில மணி நேரம் கார்களை நிறுத்திவிட்டு மக்களுக்கு விடுகிறார்கள். கொலம்பியாவின் பொகோட்டாவில் 1974இலிருந்து நடக்கும் ஏற்பாட்டைப் பார்த்துச் செய்தது. கைவிட்ட ரயில் பாதை ஒன்று நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பாதையாகி, 1846இல் மெக்சிகோப் போரின் முதல் பெரிய சண்டை நடந்த பாலோ ஆல்டோ களம் வரை போகிறது. சாயங்காலம் அதில் நடந்தேன். பிள்ளைகள் தனியாக வருவதில்லை. அம்மா தள்ளுவண்டியோடு முன்னால், பாட்டி பின்னால், நடுவில் சைக்கிளில் பொடியன்கள். அம்மா வந்தால்தான் பிள்ளை வருகிறது என்பதை இங்கே உணர்ந்திருக்கிறார்கள். அதனால்தான் இலவச உடற்பயிற்சி வகுப்புகளில் பெரியவர்களை முதலில் பிடிக்கிறார்கள்.

என்ன செய்ய, கொலோனியாவிலிருந்து அந்தப் பாதைக்கு வரக் கார் வேண்டும்.

பள்ளி மைதானங்கள்தான் பக்கத்தில் இருப்பவை, அவற்றிலும் பலவற்றை மணி அடித்ததும் பூட்டிவிடுகிறார்கள். யாராவது விழுந்து கைகால் முறிந்தால் யார் பொறுப்பு என்ற பயம். இரவில் அக்கா மகனிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது உன் நினைவு வந்தது. நாலரை மணிக்குப் பிறகு உன் பள்ளி கேட் திறந்திருக்கிறதா? பூட்டு என்றால், சாவி ஹெச்.எம். மேசையிலா, வாட்ச்மேன் இடுப்பிலா? அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
சிவா