அடிநெஞ்சு

ஆமத்தூர் சாவடிக்கு எதிரே வேப்பமர நிழலில் எக்ஸ்ரே வண்டி நிற்கிறது. காசநோய் முகாம். பயராபீஸ் என்கிற பட்டாசு ஆலைகளின் வேன்கள் விடியும்போதே ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டதால் வரிசையில் பாதிக்கு மேல் வயசாளிகள். நடுவில் ஒருவர் மட்டும் ஒட்டாமல் நிற்கிறார். ஐம்பது வயதிருக்கும். நகக்கண்களில் அலுமினியப் பவுடர் சோப்புக்கும் போகாமல் தங்கியிருக்கிறது. சட்டைக் காலர் கழுத்தைத் தொடாமல் தள்ளி நிற்கிறது.

இருமுகிறார். சுகாதாரப் பணியாளப் பெண் நிமிர்ந்து பார்க்கிறாள். அவருக்கு முன்னால் அவர் மனைவி பதில் சொல்கிறார்.

"ஒண்ணுமில்ல தாயி. மருந்து ரூம்ல வேல. கந்தக நெடி. இந்தப் பக்கம் இருமாத ஆளு யாரு?"

"எத்தன நாளாக்கா?"

"தீவாளிக்கு முந்தியிருந்தே."

"சாயங்காலமானா காச்சல் அடிக்குதா?"

"லேசா சுடும். வெயில்ல நிக்கிற உடம்புதான?"

இளைத்தது ஏன் என்றால் அதற்கும் பதில் இருக்கிறது: சாப்பாடு இறங்கவில்லை. இருமலுக்குக் கந்தகம், காய்ச்சலுக்கு வெயில். கேட்ட எல்லாவற்றுக்கும் காரணம் கையில் இருப்பதால் கிருமியைப் பற்றி நினைக்க இடமே இல்லை.

மனைவி மஞ்சப்பையைக் கவிழ்க்கிறார். இருமல் டானிக், மெடிக்கலில் வாங்கிய மாத்திரை அட்டைகள். பணியாளப் பெண் ஒரு அட்டையை எடுத்துப் படிக்கிறாள். லெவோஃப்ளாக்சசின்.

"இதப் போட்டா கேட்டுச்சா?"

"பத்து நாள் நல்லாருந்தாரு. பெறகு பழையபடிதான்."

காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடக்கும் மாத்திரை அது. அடக்குமே தவிர ஒழிக்காது. நல்லாயிருந்த அந்தப் பத்து நாளில் நோய் இன்னும் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும்.

எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பக்கம் நிழல் தெரிகிறது. தூசி படிந்த தழும்பும், என்றோ ஆறிய புண்ணும் இப்படியே தெரியலாம் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. எக்ஸ்ரே வேண்டாம் என்று விடவும் முடியாது. 2019–21 தேசியக் கணக்கெடுப்பில் எக்ஸ்ரே எடுக்காமல் இருந்திருந்தால், கண்டறியப்பட்ட காசநோயாளிகளில் 42.6 சதவீதம் பேர் தப்பிப்போயிருப்பார்கள்.

அடுத்தது சளி டப்பா. வண்டிக்குப் பின்னால், காற்றோட்டமான இடத்துக்குப் போய்விட்டு வருகிறார். அவள் டப்பாவை வெளிச்சத்தில் சாய்க்கிறாள். வெறும் நுரை.

"இது எச்சிண்ணே. நெஞ்சுச்சளி வேணும். வாயக் கொப்பளிச்சுட்டு, மூச்ச நல்லா ரெண்டு மூணு தடவ இழுத்து விட்டு, அடிநெஞ்சுல இருந்து இருமுங்க."

திரும்பிப் போகிறார். குனிந்து, இரு தொடையிலும் கையை ஊன்றி இருமுகிறார். முதுகெலும்பு சட்டைக்குள் ஏறி இறங்குகிறது. இந்தத் தடவை டப்பாவின் அடியில் மஞ்சளாக, கெட்டியாக ஒரு கரண்டிக்கும் குறைவாக. மூடியைத் திருகி, பக்கவாட்டில் பெயரை எழுதுகிறாள். நாளைக் காலையில் எழுந்ததும் எடுக்க இன்னொரு டப்பாவும் கொடுக்கிறாள். மரபணுச் சோதனைக் கருவியில் ஏற்றினால் இரண்டு மணி நேரத்தில் கிருமி இருக்கிறதா என்பதோடு, ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது கட்டுப்படுமா என்பதும் தெரிந்துவிடும்.

"இருந்துச்சுன்னா தோப்பூருக்கு அனுப்பிருவீங்களா?" முதல்முறையாக அவரே பேசுகிறார். மதுரைக்குப் பக்கத்துக் காசநோய் ஆஸ்பத்திரி. அவர் தலைமுறைக்கு அந்தப் பெயர் ஒரு பயம்.

"எதுக்குண்ணே? வீட்லயே மாத்திர. பொதுவா ஆறு மாசம்."

அவள் சாதாரணமாகச் சொல்கிற இந்தப் பதில், 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு தந்தது. மருத்துவமனையில் படுத்தவர்களைப் போலவே வீட்டிலிருந்து மருந்து சாப்பிட்டவர்களும் குணமானார்கள் என்று 1959இல் உலகுக்குக் காட்டிய ஆய்வு.

"பயராபீசுக்குத் தெரியுமா?"

"உங்க போனுக்குத்தாண்ணே சொல்லுவோம். நம்பரு சரியான்னு பாருங்க." படிவத்திலிருந்து பத்து எண்ணையும் வாசிக்கிறாள்.

அவர் மனைவியைப் பார்க்கிறார். டப்பாவைப் பார்க்கிறார்.

"கடைசி ரெண்டும் மாறிப்போச்சு தாயி."

அவர் சொன்னபடிதான் அவள் எழுதியிருந்தாள். ஒன்றும் கேட்காமல் அடித்துத் திருத்துகிறாள்.