பத்தில் ஒரு பங்கு

டிஜிட்டல் லாஜிக் பாடத்தில் 0.1-ஐ பைனரிக்கு மாற்றச் சொல்லி ஒரு கணக்கு வரும். இரண்டால் பெருக்கிக்கொண்டே போனால் 0011, 0011 என்று முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும். ஏழெட்டு பிட்டோடு நிறுத்திவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள் மாணவர்கள். மார்க்கும் கிடைத்துவிடும்.

எதிரி ஏவுகணைகளைத் தடுக்க அமெரிக்கா வைத்திருந்த பேட்ரியாட்டும் இதையேதான் செய்தது. அதன் கடிகாரம் விநாடியில் பத்தில் ஒரு பங்காக எண்ணும். அதை விநாடியாக்க 0.1-ஆல் பெருக்க வேண்டும். ரெஜிஸ்டரில் இருந்ததோ 24 பிட், மிச்சம் வெட்டப்பட்டது. ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் பிழை சுமார் 0.000000095 விநாடி. இதெல்லாம் ஒரு பிழையா? ஆனால் சவூதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த பேட்ரியாட் 100 மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாமல் ஓடியது. பிழை சேர்ந்து சேர்ந்து 0.34 விநாடி ஆனது. அந்த நேரத்தில் ஸ்கட் ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல் போய்விடும்.

1991 பிப்ரவரி 25 அன்று ஈராக் ஏவிய ஸ்கட்டை பேட்ரியாட் தவறான இடத்தில் தேடியது. 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள்.

அணைத்து மறுபடி போட்டிருந்தால் கடிகாரம் பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருக்கும், அவ்வளவுதான். ரொம்ப நேரம் ஓடினால் குறி பிசகலாம் என்று எச்சரிக்கைகூடப் போயிருந்தது. எத்தனை மணி நேரம் என்றுதான் அதில் இல்லை.

திருத்திய சாஃப்ட்வேர் தஹ்ரானுக்கு வந்தது மறுநாள், 26-ம் தேதி.