மறுபடியும் முதலிலிருந்தா?

2013ஆம் ஆண்டிற் புதுப்பாலம் திறக்கப்படும்வரை, கல்லடிப் பழைய பாலத்தில் வண்டிகளும் நடந்து செல்வோரும் ஒடுங்கிய ஒரே வழியைப் பகிர்ந்துகொண்டனர். அங்கேதான் எம் அயலவர் ஒருவரை மோட்டார் வண்டியொன்று மோதிக் காலை முறித்தது. நட்டஈட்டு வழக்கில் அவர் வென்றார். ஆயின் எதிராளியின் மேன்முறையீட்டில், விசாரணையில் நேர்ந்த ஒரு பிழையைக் காரணங்காட்டிப் புதிய விசாரணைக்குக் கட்டளை பிறந்தது.

"மறுபடியும் முதலிலிருந்தா, மாஸ்டர்?" என்று நம்மிடம் வந்தார். (ஆசிரியருக்குச் சட்டமுந் தெரியுமென்பது ஊரார் நம்பிக்கை!) விபத்தைக் கண்ட சாட்சியோ அதற்குள் காலமாகிவிட்டார்.

நாமும் நூல்களைப் புரட்டினோம். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 138ஆம் உறுப்புரை, தரப்பாரின் முக்கிய உரிமையைப் பாதிக்காத, நீதி தவறவும் இடந்தராத பிழைக்காகத் தீர்ப்பை மாற்றலாகாதென்கிறது. இலங்கையிலிருந்து சென்ற 'பிராட் எதிர் பிரவுண்' வழக்கில், சாட்சிகளை நேரிற் கண்ட நீதிபதியின் கணிப்பை எளிதில் தள்ளலாகாதென லண்டன் பிரிவிக் கவுன்சில் 1918இலேயே கூறியிருந்தது. இறந்தவரின் சாட்சியம் எழுத்தில் இருக்கும்; முகம் இருக்குமா?

இவற்றையே சட்டத்தரணியும் உயர் நீதிமன்றத்தில் எடுத்துரைத்தார். முதல் தீர்ப்பு மீண்டது. மாலைவேளைகளில் அயலவர் இன்றும் நம்மோடு உலாவ வருவார். பின்னால் ஹோர்ண் ஒலித்தால் மட்டும் பேச்சை நிறுத்தி, ஒதுங்கி நிற்பார்.