நெரவி கபடி: பாடிப் போறவனா, மூலையில நிக்கிறவனா?

நாகூரிலிருந்து வடக்கே பஸ் ஏறினால் வாஞ்சூரில் மாநிலம் மாறிவிடுகிறது. போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி, பெட்ரோல் பங்க்கில் வேறு விலை. பேச்சும் வயலும் வாய்க்காலும் மட்டும் மாறவில்லை. திருமலைராயன்பட்டினம் தாண்டி, காரைக்கால் நகரத்தைத் தொடும் முன்பே நெரவி வந்துவிடுகிறது.

1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலைக் கைக்கொண்டபோது இந்த ஊர்களின் தலையெழுத்து மாறியது. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல். இன்றும் காரைக்கால் மாவட்டம் சுமார் 160 சதுர கிலோமீட்டர்தான். கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. தலைநகரமான புதுச்சேரிக்குப் போக 130 கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் உட்கார வேண்டும். நெரவிக்காரருக்குக் கூப்பிடு தூரத்தில் இருப்பது நாகூர். ஆனால் ரேஷன் கார்டு முதல் விளையாட்டு அணித் தேர்வு வரை எல்லாம் புதுச்சேரிக் கணக்கு.

தை, மாசியில் இந்தப் பக்கம் வந்து பாருங்கள். சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் வாசனை ஊரெங்கும் இருக்கும். தாள் நிற்கும் வயலில் இறங்கி ஆட முடியாது; அறுவடைக்குச் சில நாள் முன்பே உளுந்தும் பயறும் தெளித்திருப்பார்கள். அதனால் திடலிலும் குளத்தங்கரையிலும்தான் ஆட்டம். மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பில் கோடு போட்டுவிட்டால் கபடிக் களம் தயார். பொங்கலை ஒட்டி ஊருக்கு ஊர் 'மின்னொளி கபடி' போஸ்டர் ஒட்டிவிடுவார்கள். இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் விடியற்காலை வரை போகும். ஓ.என்.ஜி.சி-யின் காவிரிப் படுகை அலுவலக வளாகம் இருக்கும் நெரவியில், பகலில் எண்ணெய் எரிவாயுப் பேச்சு. இருட்டியதும் திடலில் 'கபடி... கபடி...' என்ற மூச்சு.

அப்படியொரு மாலையில், ஆட்டத்தைவிட அதைப் பற்றி நடந்த வாக்குவாதம்தான் எனக்குச் சுவையாக இருந்தது. பிளஸ் டூ படிக்கும் பையன் ஒருவன். கை நீளம், தோள் அகலம், முகத்தில் இன்னும் குழந்தைத்தனம். அவனை எந்த இடத்தில் ஆட வைப்பது என்பதுதான் பிரச்னை.

"பாடிப் போறவன்தான்யா கண்ணுக்குத் தெரிவான். என் மருமவன் ரைடுக்குத்தான் லாயக்கு" என்றார் அவன் மாமா.

பயிற்சி கொடுக்கும் மாஸ்டர் சிரித்தார். "ரைடுக்கு நம்ம டீம்லயே அஞ்சு பேரு நிக்கிறாங்கண்ணே. ரைட் கார்னருக்கு ஆள் எங்க இருக்கு?"

பையன் இருவரையும் பார்த்துவிட்டு, "நீங்க சொல்ற இடத்துல ஆடுறேன் மாஸ்டர்" என்றான். அவன் அம்மா கொஞ்சம் தள்ளி நின்றிருந்தார். அவருக்குக் கார்னரும் தெரியாது, ரைடும் தெரியாது. "எதுல ஆடுனா தம்பி காலேஜ்ல சீட்டு கெடைக்கும்?" என்று என்னிடம் கேட்டார். அந்தக் கூட்டத்தில் கேட்கப்பட்ட கேள்விகளில் அதுதான் கனமானது. ரயில்வே, காவல்துறை, ராணுவம் என்று கபடி வழியாக அரசு வேலைக்குப் போன பிள்ளைகளின் கதை டெல்டாவில் எல்லா ஊரிலும் உண்டு. பதினேழு வயதில் எடுக்கும் முடிவு ஒரு குடும்பத்தின் வருமானமாகவும் ஆகக்கூடும்.

கபடி பார்த்துப் பழகாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். களத்தில் ஓரணிக்கு ஏழு பேர். ஒரு ரைடுக்கு 30 விநாடி. எதிராளி பாடி வரும்போது தடுக்கிறவர்கள் ஒரு வளைவாக நிற்பார்கள். இரண்டு ஓரத்திலும் நிற்பவர்கள் கார்னர். அவர்களுக்கு உள்ளே 'இன்', அதற்கும் உள்ளே கவர், நடுவில் சென்டர். கவரில் நிற்பவர் ஓடிவந்து மோதித் தள்ளுவார், அல்லது வழியை அடைப்பார். கார்னர்காரர் வேலை வேறு. ரைடர் போனஸ் கோட்டை நோக்கிக் காலை நீட்டும் அந்த நொடியில் கணுக்காலைப் பிடிக்க வேண்டும். அவர் திரும்பினால் பின்னாலிருந்து இடுப்பைக் கட்ட வேண்டும். அரை நொடி முந்தினால் தொட்டுவிட்டுப் போய்விடுவார். அரை நொடி பிந்தினால் கோட்டைத் தாண்டிவிடுவார். மற்ற ஆறு பேரும் கார்னர்காரர் எப்போது பாய்வார் என்று பார்த்துத்தான் மேலே விழுவார்கள்.

அன்று அந்தப் பையன் ரைடும் போனான், கார்னரிலும் நின்றான். ரைடு போகும்போது முதல் அடி மெதுவாக இருந்தது. போனஸ் எடுத்தான், திரும்பும்போது கவரில் இருந்தவர் இரண்டு முறை வெளியே தள்ளிவிட்டார். மூலையில் நின்றபோது வேறு ஆளாகத் தெரிந்தான். ரைடர் கையை ஆட்டி ஆசை காட்டுகிறார், பையன் அசையவில்லை. பார்வை ரைடரின் முகத்தில் இல்லை, முட்டியில் இருந்தது. மூன்றாவது முறை ரைடர் காலை நீட்டினார். அடுத்த நொடி கணுக்கால் பையன் கைக்குள். மாமாகூட விசில் அடித்தார்.

இந்த வாக்குவாதம் உலகம் முழுக்க உண்டு. ஆஸ்திரேலியர்கள் 'ஃபுட்டி' என்று செல்லமாகச் சொல்லும் அவர்களுடைய சொந்தக் கால்பந்தில் முட்டை வடிவப் பந்து, நீள்வட்ட மைதானம், ஓரணிக்கு 18 பேர். பள்ளிப் படிப்பை முடிக்கும் வயதுப் பையன்களைப் பெரிய அணிகள் ஆண்டுதோறும் வரிசை முறையில் தேர்ந்தெடுக்கின்றன. வளர்த்தியான பையன் ஒருவன் கிடைத்தால், முன்னால் நிறுத்தி கோல் அடிக்கச் சொல்வதா, பின்னால் நிறுத்தி எதிரியை மறிக்கச் சொல்வதா என்று ரசிகர்கள் விவாதிப்பார்கள். அங்கேயும் கோல் அடிப்பவனுக்குத்தான் கைதட்டல் அதிகம்.

நமக்கு உதாரணம் தேடி அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. இதே காவிரி பாயும் தஞ்சாவூர் மாவட்டத்தில் திருச்சனம்பூண்டி என்று ஒரு கிராமம். தர்மராஜ் சேரலாதன் அந்த ஊர்க்காரர். வலது கார்னர். 2014-ல் புரோ கபடி லீக் தொடங்கியபோது அவருக்கு வயது 39. பெரும்பாலான ஆட்டக்காரர்கள் ஓய்வை யோசிக்கும் வயதில் அவருக்கு அந்த மேடை கிடைத்தது. 2016-ல் அவர் தலைமையில் பாட்னா பைரேட்ஸ் கோப்பையை வென்றது. அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். 2019-ல், 44 வயதில், ஹரியானா ஸ்டீலர்ஸ் அணிக்கு கேப்டன். தன்னைவிட இருபது வயது இளைய ரைடர்களின் காலை மடக்கிக்கொண்டிருந்தவரை, வடநாட்டு ஆட்டக்காரர்களும் 'அண்ணா' என்றே கூப்பிட்டார்கள்.

ஓட்ட வேகம் வயதோடு குறையும். எதிராளியின் தோளும் முட்டியும் அடுத்து என்ன செய்யும் என்று படிக்கிற கண் வயதோடு கூர்மையாகும். அந்தக் கண்ணுக்கு அதிக வேலை இருக்கும் இடம் கார்னர்.

இதை வைத்து நீளமான கை உள்ள எல்லாப் பையனையும் மூலைக்கு அனுப்பிவிடவும் கூடாது. அந்த உலகக் கோப்பை இறுதியில் இடைவேளையின்போது ஈரானிடம் பின்தங்கியிருந்த இந்தியாவை, 38-29 என்ற வெற்றிக்கு இழுத்து வந்ததில் பெரிய பங்கு அஜய் தாக்கூருடையது. நெட்டையான ஆள், ரைடர். உயரத்தை மட்டும் பார்த்து அவரைத் தடுப்பில் நிறுத்தியிருந்தால்? உடம்பு பாதி சொல்லும். மீதியைச் சொல்வது குணம். ஆசை காட்டினால் பாய்கிறவனா, பொறுத்திருக்கிறவனா என்று ஒரு மாதம் இரண்டு இடத்திலும் ஆடவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நெரவிப் பையனை ஒரு மாலைதான் பார்த்தேன். அந்த அளவில் என் ஓட்டு மாஸ்டருக்கு. வலது கார்னர் அவனுக்கு வீடு மாதிரி இருக்கிறது. ரைடையும் முழுதாக விட வேண்டாம். தொடர்ந்து இரண்டு ரைடு வெறுங்கையோடு திரும்பினால், மூன்றாவதில் புள்ளி எடுத்தே தீர வேண்டிய 'டூ ஆர் டை' ரைடு வரும். பதறாத ஆள் வேண்டிய அந்த நேரத்துக்கு அவனைத் தயார் செய்யலாம். தேர்வுக்குப் போகும்போதும் இது உதவும். ரைடர் வரிசை எங்கேயும் நீளம். நல்ல கார்னருக்குத் தேடல் எப்போதும் உண்டு. மாமாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப பேப்பர்ல போட்டோ வராதே" என்றார். சேரலாதன் போட்டோவை போனில் எடுத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நம்மூரு மொகமாத்தான் இருக்காரு" என்றார்.

வடுவூரையும் நினைத்துக்கொள்ள வேண்டும். மன்னார்குடிக்கு அருகே இருக்கும் அந்தக் கபடி ஊரின் அபினேஷ், 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்தார். வடுவூரும் நெரவியும் ஒரே காவிரித் தண்ணீர் குடிக்கும் ஊர்கள். ஒரு வித்தியாசம், வடுவூர்ப் பிள்ளைக்குத் தமிழ்நாடு அணி. நெரவிப் பிள்ளைக்குப் புதுச்சேரி அணி. சிறிய மாநிலம் என்பதால் போட்டி குறைவு என்று சிலர் சொல்வார்கள். தேர்வுக்கு அதிகாலை பஸ் பிடித்து நான்கு மணி நேரம் போய், கால் மரத்துப்போய்க் களத்தில் இறங்கும் பிள்ளையிடம் கேட்டால் வேறு பதில் வரும். நல்ல தேர்வு முகாம்கள் காரைக்காலிலேயே அடிக்கடி நடந்தால் அந்த அம்மாவின் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

திருநள்ளாறு சனீஸ்வரரையும் நாகூர் தர்காவையும் பார்க்க இந்தப் பக்கம் வருகிறவர்கள் நிறைய. அடுத்த முறை தை மாதம் வந்தால், மாலை ஆறு மணிக்கு மேல் நெரவிப் பக்கம் ஒரு எட்டு போய் வாருங்கள். டியூப் லைட் கட்டிய திடல் எங்கே என்று யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். எல்லோரும் ரைடரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் வலது மூலையைப் பாருங்கள்.