மூவர்ல ஒருத்தர் மிஸ்ஸிங்!

கோயில் மொத்தமும் ஒரே படத்துல வந்துடணும்! அல்ட்ரா வைடு லென்ஸைக் கையில எடுக்கிற எல்லாருக்கும் இருக்கிற ஆசை இது. இப்ப செல்போன்லயே 0.5னு ஒரு பட்டன் வந்துட்டதால ஆசை இன்னும் ஜாஸ்தி. ஆனா, இந்த லென்ஸோட குணமே வேற பாஸ்! பக்கத்துல இருக்கிறதைப் பெருசாக்கும். தள்ளி இருக்கிறதை இன்னும் தள்ளி வைக்கும். இதைப் புரிஞ்சுக்க புதுக்கோட்டை மாவட்டத்தைவிட நல்ல கிளாஸ் ரூம் கிடைக்காது.

முதல் ஸ்டாப், விராலிமலை பக்கத்துல இருக்கிற கொடும்பாளூர். இருக்குவேள் மன்னன் பூதி விக்கிரமகேசரி தன் பேர்லயும், மனைவிகள் கற்றளி, வரகுணை பேர்லயும் வரிசையா மூணு விமானம் எழுப்பினார். அதான் மூவர் கோயில். இன்னிக்கு நிக்கிறது நடுவுல ஒண்ணு, தெற்குல ஒண்ணு. வடக்குல வெறும் அடித்தளம்தான் மிச்சம்.

வர்றவங்க நிக்கிற ரெண்டை மட்டும் க்ளிக் பண்ணிட்டுக் கிளம்பிடுவாங்க. நீங்க வடமேற்கு மூலைக்குப் போங்க. அடித்தளத்துக்கு ரெண்டு அடி தள்ளி நின்னு, கேமராவை இடுப்பு உயரத்துல பிடிங்க. வெறும் கல்லு பாதிப் படத்தை எடுத்துக்கும். விமானங்கள் பின்னால சின்னதா நிக்கும். இல்லாமப்போன கோயில்தான் இப்ப ஹீரோ! கோயில் மேற்கு பார்த்தது. அதனால சாயங்கால வெயில்ல போறது நல்லது.

அடுத்து நார்த்தாமலை. பாறை மேல விஜயாலய சோழீச்சரம். வெளியே சதுரம், உள்ளே வட்டக் கருவறை. சுத்தி ஆறு சின்னச் சன்னதிகள். உச்சி தெரியணும்னு கேமராவை அண்ணாத்தினா, விமானம் பின்னால சாயுற மாதிரி விழும். கேமராவை நிமிர்த்தி நேரா பிடிச்சு, பின்னால நகருங்க. கீழே அதிகமா விழுற பாறையை அப்புறம் வெட்டிக்கலாம். பாறைச் சரிவை வெச்சு மட்டம் பார்க்காதீங்க. சுவரோட நிமிர்ந்த கோட்டைப் பாருங்க.

கடைசியா சித்தன்னவாசல். தாமரைக்குளம் தீட்டின சமணக் குடைவரை. கருவறை ஒரு பக்கத்துக்குப் பத்தடிகூட இல்லை. அல்ட்ரா வைடு அதைக் கல்யாண மண்டபம் ஆக்கிடும்! நேர்ல வந்து பார்க்கிறவன், ‘இவ்ளோதானா?’ன்னு உதட்டைப் பிதுக்குவான். அதனால வெளிய நின்னு, வாசல் பக்கத்துல ஒரு ஃப்ரெண்டை நிறுத்தி ஒரு படம் எடுங்க; அளவு புரியும். ஆளை ஓரத்துல மட்டும் நிறுத்தாதீங்க, மூஞ்சி இழுபட்டுடும். உள்ளே படம் எடுக்கலாமான்னு காவலர்கிட்ட கேட்டுக்குங்க. ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். ஆயிரம் வருஷத்தைத் தாண்டின வண்ணம் அது.

ஊருக்குத் திரும்பினதும் கொடும்பாளூர் படத்தை ஹாஸ்டல்ல காட்டுங்க. ‘மூவர் கோயில்னு சொன்னே, மூணாவது எங்கடா?’ன்னு யாராவது கேட்டா, படம் பாஸ்!