கசிவு பிடிக்கும் வேலை

சாகுபுரத்தில் குழாய்களைப் பற்றித் தெரிந்த ஆளுக்குப் பஞ்சமில்லை. 1950களின் இறுதியில் வந்த தாரங்கதாரா கெமிக்கல் ஒர்க்ஸ் ஆலையைச் சுற்றி வளர்ந்த ஊர் இது. ஆறுமுகநேரிப் பக்கத்து உப்பு, காஸ்டிக் சோடா, பி.வி.சி. என்று பேச்சே இங்கு வேறு மாதிரி ஓடும். நான் தேடிப்போன பெரியவரும் ஃபிட்டர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்தான். ஆனால் நான் போனது ஒரு கிட்டார் விஷயமாக.

கிட்டார் செய்பவர் அவருடைய தங்கை மகன். கடலோரத்து மாதா கோயில்களில் பூசைக்கு வாசிக்கும் பையன்களின் கிட்டார்களைப் பழுதுபார்த்துப் பழகி, பிறகு சொந்தமாகச் செய்யத் தொடங்கியவர். அதற்கு முன் காற்றாலை இறக்கை செய்யும் இடத்தில் இருந்தார். கண்ணாடி இழைத் துணியை அச்சில் விரித்து, மேலே பிளாஸ்டிக் தாளை மூடி, ஓரத்தை அடைத்து, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சினால் பிசின் தானாகத் துணிக்குள் ஏறும். அந்த உபாயத்தைத்தான் வீட்டுக் கொட்டகைக்குக் கொண்டுவந்திருக்கிறார்.

கிட்டாரின் மேல்பலகை 3 மில்லிமீட்டர்கூட இருக்காது. எஃகுத் தந்திகள் இழுக்கும் விசையோ 70 கிலோ அளவுக்கு வரும். தாங்குவதற்கு அடியில் மெல்லிய மரச்சட்டங்களை ஒட்டுகிறார்கள். பலகையும் தட்டையாக இருக்காது. 25 அடி ஆரமுள்ள கோளத்தின் ஒரு துண்டுபோல லேசாகப் புடைத்திருக்க வேண்டும். 40 சென்டிமீட்டர் அகலத்துக்கு நடுவில் இரண்டரை மில்லிமீட்டர் சொச்சம் மேடு. அதே வளைவில் குழித்த பலகையின் மேல் வைத்து, பசை இறுகும்வரை எல்லா இடத்திலும் ஒரே சீராக அழுத்த வேண்டும். அதற்குத்தான் இந்த வேக்குவம் பிரஸ்.

கருவி பார்வைக்கு ஒன்றுமில்லை. பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் ஒன்று. அது வாயுவை உறிஞ்சும் வாயில் ரப்பர் குழாய்; வெளியே தள்ளும் வாயில் எண்ணெய்த் துளி தெறிக்காமல் துணி அடைத்த பாட்டில். ஃபிரிட்ஜில் இருக்கும்போது குளிர்ந்து திரும்பிவரும் வாயு கம்ப்ரஸரின் சூட்டைத் தணிக்கும். இங்கே அது கிடையாது. ஓயாமல் ஓடினால் சுட்டுவிடும். அதனால் நடுவே நாலு அங்குல பி.வி.சி. குழாயில், இரு முனையும் மூடிய தொட்டி. காற்று திரும்பி வராமல் ஒரு வால்வு. வெற்றிடம் குறைந்தால் மட்டும் மோட்டாரை எழுப்பும் சுவிட்ச். குழாய் தடித்த ரகம். மெலிந்ததை வாங்கினால் உள்நோக்கி நொறுங்கும் என்பதில் பெரியவர் கறாராக இருக்கிறார்.

பலகையை வைத்து, மேலே ஒளி ஊடுருவும் தாளை இறக்கி மோட்டாரைப் போட்டதும் தாள் சட்டங்களின் மேல் தோலாக ஒட்டிக்கொண்டது. வெற்றிடத்தை அளக்கும் கருவியின் முள் 20 அங்குலப் பாதரசத்தில் நின்றது. சதுர சென்டிமீட்டருக்கு 700 கிராம் அளவு. பலகை முழுவதற்கும் கூட்டினால் 900 கிலோவைத் தாண்டும். அவ்வளவும் கொட்டகையில் நம்மைச் சுற்றியிருந்த சாதாரணக் காற்றின் பாரம்.

ஆனால் முள் மெல்ல இறங்கியது. அங்கேதான் உண்மையான வேலை தொடங்கியது.

"ஏல, காத்து எந்த வழியா ஏறுதுன்னு பாருல."

"சோப்புத் தண்ணி கொண்டாரட்டா மாமா?"

பெரியவர் சிரித்தார். ஆலைக் குழாயில் வாயு வெளியே வரும், நுரை எழும்பும். இங்கே காற்று உள்ளே போகிறது, நுரையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். ஒரு ரப்பர் குழாயின் நுனியைக் காதில் வைத்து, மறுநுனியைத் தாளின் ஓரம் முழுக்க நகர்த்தினார். மூலை ஒன்றில் நின்றார். என்னிடமும் குழாயைக் கொடுத்தார். பாம்பு சீறுவதன் சன்னமான வடிவம் கேட்டது. தாளின் ஓரத்தை அடைக்கும் ஒட்டுரப்பரின் இரண்டு துண்டு சேருமிடம் அது. மருமகன் அதை அமுக்கியதும் முள் நின்றுவிட்டது. ஆயுள் முழுக்கக் கசிவு தேடியவரின் காது இந்தக் கருவிக்குள் இருக்கிறது. மருமகனுக்கும் அது வருவதற்குக் காலம் பிடிக்கும்.

இன்னொரு சிக்கல் தாள் இழுக்கும்போது சட்டம் வழுக்குவது. ஈரப் பசை எண்ணெய் தடவிய தரை மாதிரி. மருமகன் பசைமேல் நுணுக்கிய உப்பை ஒரு சிட்டிகை தூவினார். கரைவதற்குள் பரல்கள் இரண்டு மரத்தையும் கவ்விக்கொள்கின்றன. பல ஊர் மரவேலைக்காரர்களுக்குத் தெரிந்த உபாயம்தான். உப்பளத்து ஊரில் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது.

இவ்வளவு எதற்கு, மூங்கில் சிம்புகளை வளைத்துக் கூரைக்கும் பலகைக்கும் நடுவே முட்டுக் கொடுத்தால் போதாதா என்று கேட்டேன். பல பட்டறைகளில் அப்படித்தான் செய்கிறார்கள். "போதும் சார். ஆனா ஒவ்வொரு சிம்பும் ஒவ்வொரு மாதிரி அழுத்தும்" என்றார் மருமகன். குறையையும் மறைக்கவில்லை. சிம்பு முறையில் பிதுங்கும் பசையை அப்போதே துடைக்கலாம். இங்கே தாளைத் திறக்கும்வரை கை போகாது. அதனால் முழுக்கக் காயவிடாமல், பசை ரப்பர் பதத்தில் இருக்கும்போதே திறந்து, குளிர்பானம் குடிக்கும் ஸ்ட்ராவின் நுனியால் வழித்தெடுக்கிறார். எனக்கென்னவோ ஒரு கிட்டார் செய்கிறவருக்குச் சிம்பே போதும் என்று பட்டது. பத்துச் செய்கிறவருக்குத்தான் இது லாபம். மருமகன் இன்னும் அந்தப் பத்தை எட்டவில்லை.

முதுகுப் பலகைக்குப் பலா வைத்திருந்தார், தஞ்சாவூர் வீணைக்கு ஆகும் அதே மரம். அதற்கு 15 அடி ஆரம். நடுமேடு நாலு மில்லிமீட்டரைத் தாண்டும். குழிப்பலகை இன்னும் தயாராகவில்லை. "அதுக்கு முன்னாடி அந்த ஒட்டுரப்பரை ஒரே துண்டா வாங்கிட்டு வால" என்று பெரியவர் சொல்லிக்கொண்டிருந்தார். மருமகன் தூத்துக்குடி பஸ்ஸுக்கு நேரம் பார்த்தார்.